அந்த ‘ஏழாண்டு’ எந்த நாளில் தொடங்கியது?

வரலாற்றுப் பாடமும் பொது அறிவுக் கட்டுரையும் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றி எழுதும்போது “ரொட்டி திருடியவனை ஏழாண்டு ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள்” என்ற வரியையே ஆளுக்கு ஆள் மாற்றி எழுதுகிறீர்கள். ரொட்டி ஒரு பக்கம் இருக்கட்டும். வழக்கு ஏடுகளில் அதைவிட அதிகம் கண்ணில் படுவது துணிமணி. எங்கள் வருத்தமெல்லாம் அந்த ‘ஏழு’ பற்றியது.

தண்டனைக் காலம் சிட்னியில் கால் வைத்த நாளிலிருந்து ஓடவில்லை, தீர்ப்பு நாளிலிருந்தே ஓடியது. ஜேம்ஸ் ரூஸைப் பாருங்கள். இங்கிலாந்தின் கார்ன்வால்காரர், வீடு புகுந்து இரண்டு வெள்ளிக் கடிகாரங்களைத் திருடியதற்கு 1782 ஜூலையில் போட்மினில் தீர்ப்பு. மரண தண்டனை ஏழாண்டாகக் குறைந்தது. ஆனால் அனுப்ப இடமில்லை. அதுவரை கைதிகளை அனுப்பிவந்த மேரிலாந்தும் வர்ஜீனியாவும் அமெரிக்க விடுதலைப் போரோடு கைவிட்டுப் போயிருந்தன. 1776 முதல் பாய்மரம் கழற்றிய பழைய கப்பல்களே சிறையாகியிருந்தன. பிளிமத்தில் நின்ற ‘டன்கிர்க்’ அப்படிப்பட்டது. ரூஸ் அதில் அடைபட்டுக் கிடந்தார். ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிய முதல் கப்பற்தொகுதி 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மத்தை விட்டபோது கிட்டத்தட்ட ஐந்தாண்டு கரைந்துவிட்டது. கடலில் எட்டு மாதம். 1788 ஜனவரியில் இறங்கியபோது பாக்கி ஒன்றரை ஆண்டுதான்.

1789இல் “என் காலம் முடிந்தது” என்றார் ரூஸ். நியூ சவுத் வேல்ஸ் என்ற அந்தப் புதுக் குடியேற்றத்தின் ஆளுநர் பிலிப்பால் ஆமென்றும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் சொல்ல முடியவில்லை. தண்டனை விவரத் தாள்கள் கப்பலோடு வரவே இல்லை! ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஆளை அனுப்பியவர்கள் காகிதத்தை மறந்தார்கள். சிட்னிக்கு அருகே பாரமட்டாவில் நிலம் கொடுத்து உழவைச் சோதித்துப் பார்த்தார் பிலிப். அதுவே பிறகு 30 ஏக்கர் மானியமானது.

காலம் முடிந்தாலும் ஊர் திரும்பக் கப்பல் கூலியை அரசு தராது. ஆண் மாலுமியாக வேலை செய்தாவது போகலாம். பெண்ணுக்கு அந்த வழியும் அரிது. காலம் முடியுமுன் திரும்பிப் பிடிபட்டால் தூக்கு. அந்தச் சட்டம் 1834 வரை இருந்தது. ஆகவே ஏட்டில் ஏழாண்டு, பலருக்கு நடப்பில் ஆயுள்.

இன்னொன்று: ஏட்டில் ‘39 ஷில்லிங்’ என்று கண்டால் அதைச் சந்தை விலையென்று எழுதிவிடாதீர்கள். அன்று குடியிருக்கும் வீட்டில் 40 ஷில்லிங் மதிப்புக்குத் திருடினால் மரண தண்டனை. கடையில் கண்மறைவாக எடுத்தால் 5 ஷில்லிங்கே போதும். தூக்கைத் தவிர்க்க ஜூரிகள் தெரிந்தே விலையைக் குறைத்தார்கள். ‘4 ஷில்லிங் 10 பென்ஸ்’ கண்டாலும் அதே சந்தேகம் வேண்டும்.

தண்டனைக் காலம் முடியுமுன்பே கைதிக்குக் கொடுத்த ‘டிக்கெட் ஆஃப் லீவ்’ என்பதை ‘விடுதலைச் சீட்டு’ என்று பெயர்ப்பதும் தவறு. தனக்கெனக் கூலி வேலை தேடிக்கொள்ளலாம், அவ்வளவுதான். குறித்த மாவட்டத்தைத் தாண்டக் கூடாது, தலை எண்ணும் நாளில் வந்து நிற்க வேண்டும். தண்டனை முடிந்தபின் கிடைத்த சான்றிதழ் வேறு.

சொல்லிலும் ஒரு யோசனை. ‘நாடு கடத்தல்’ என்றால் இன்றைய வாசகருக்கு விசாவும் விமான நிலையமும்தான் நினைவுக்கு வரும். ‘தீவாந்தர சிட்சை’ என்ற பழைய சொல் நம்மிடம் இருக்கிறதே.

அடுத்த பதிப்பில் இப்படி மாற்றினால் போதும்: “திருட்டுக்கு ஏழாண்டு தீவாந்தர சிட்சை பெற்றவர், அதில் பெரும்பகுதியை இங்கிலாந்திலேயே சிறையிலும் சிறைக்கப்பலிலும் கழித்து, மிச்சத்துக்காக நியூ சவுத் வேல்ஸ் அனுப்பப்பட்டார்.” ரூஸுக்கு இது அப்படியே பொருந்தும். மற்றவர்களுக்குத் தீர்ப்புத் தேதியையும் கப்பல் புறப்பட்ட தேதியையும் பார்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
குற்றவாளிக் கப்பல் ஏடுகளைப் படித்துவரும் சிலர்