தினசரிக்குக் காசு வாங்கிப்போட்டு வாரப் பேப்பரில போட்ட பொது அறிவித்தல் பற்றியது

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன் எடுத்து எடுத்துக் களைச்சுப்போய்த்தான் இதை எழுதுறன். முதல்ல மரியாதையாவே கேக்கிறன், எங்கட கம்பெனி பதிஞ்ச அறிவித்தலைத் தமிழில மட்டும் ஏன் வாரப் பேப்பரில போட்டனீங்கள்?

2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்க கம்பனிகள் சட்டத்தை நான் உங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்ல, சட்ட அறிவித்தல் பொறுப்பெடுப்பம் எண்டு வாசல்ல போர்டே தொங்குது. பதிஞ்சு 30 வேலை நாளுக்குள்ள அரசாங்க கெஸட்டிலயும் வரவேணும், சிங்களம் தமிழ் இங்கிலீஷ் மூண்டிலயும் தினசரியிலயும் வரவேணும், அதுவும் நாங்கள் தொழில் செய்யிற பக்கம் ஓடுற தினசரியா இருக்கவேணும். உங்கட பில்லிலயும் தினசரி எண்டுதான் கிடக்கு. சிங்களமும் இங்கிலீஷும் ஒழுங்கா வந்திருக்கு. தமிழ் மட்டும் ஞாயிறில வாற, திருகோணமலைக்கே வராத ஏதோ ஒரு பேப்பரில. பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை கடையாக் கேட்டன், "அப்பிடி ஒரு பேப்பர் இருக்கா தம்பி" எண்டு என்னையே திருப்பிக் கேக்கினம். தமிழ் வாசிக்கிற சனம் இவ்வளவு இருக்கிற ஊருக்குத் தமிழ்தானா இளக்காரம்?

இதைக் கேட்டதுக்கு உங்கட லீகல் செக்ஷன் தம்பி சொன்ன பதில், "உங்கட ஊரில ஆர் சார் நோட்டீஸ் வாசிக்கிறது, சும்மா ஃபைலுக்குத்தானே." சிரிச்சுக்கொண்டு சொன்னவர்.

அதே ஆள்தான் அறிவித்தல் வந்த பேப்பரின்ர முழுப் பக்கம் தாறன் வாங்கோ எண்டு கொழும்புக்குக் கூப்பிட்டது. அண்டைக்குப் போயா, பௌர்ணமி லீவு எண்டு நான் சொல்லச் சொல்ல, "இல்ல இல்ல எங்கட செக்ஷன் திறப்பம்" எண்டு அடிச்சுச் சொன்னவர். நைட் பஸ்ஸில கந்தளாய் ஹபரணை தம்புள்ளை எல்லாம் முழிச்சிருந்து வந்து இறங்கினா கேட்டில பூட்டு. வாட்ச்சர் பாவம், தன்ர பிளேன்டீயில பாதியை ஊத்தித் தந்தார்.

பிறகு தபால்ல வந்த கட்டிங்கைப் பாருங்கோ, வடை சுத்திற அளவுக்கு வெட்டியிருக்கு, மேல பேப்பர் பேரும் இல்ல திகதியும் இல்ல, பின்பக்கத்தில யாரோ ஒரு பொம்பிளைப்பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடினம். இதை லோயரிட்ட எப்பிடி நீட்டுறது? 30 நாளும் போச்சு, நிலாவெளி சீசனும் போச்சு, கோடிக்கணக்கில வந்திருக்க வேண்டிய ஹோட்டல் ஓடர் எல்லாம் உங்களாலதான் போச்சு. தண்டம் எண்டு வந்தா அந்தத் தம்பியா கட்டுவார்?

சண்டை பிடிக்க விருப்பமில்ல ஐயா. தயவுசெய்து உங்கட செலவில தமிழ்த் தினசரி ஒண்டில திரும்பப் போட்டு, திகதியோட முழுப் பக்கம் அனுப்புங்கோ. முதல் போட்டதுக்கு எடுத்த காசும் வேணும். இல்லாட்டி நுகர்வோர் அதிகார சபையின்ர 1977 நம்பருக்குப் போன் அடிச்சு, அங்க உந்தப் பில்லோடயே போவன், லோயர் கடிதமும் ரெடியா இருக்கு.

பதில் எழுத்தில வேணும். அந்தத் தம்பியை எனக்குப் போன் எடுக்க விடாதேங்கோ.

இப்படிக்கு,
திருகோணமலை வாடிக்கையாளர்