மூன்று மாநிலத்துப் பாறுகளை ஒன்றாக எண்ணியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

நீலகிரியின் மோயாற்று இரு கரைகளிலும், கர்நாடகத்துப் பந்திப்பூரிலும், கேரளத்து வயநாட்டிலும் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகின் கணக்கெடுப்புக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 30, 31 ஆகிய நாள்களில் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகிய மூன்று மாநில வனத்துறைகளும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில், நீலகிரியின் சீகூர்ப் பகுதிப் பாறைமேடு ஒன்றில் அமர்ந்து எண்ணியவர்களுள் நானும் ஒருவன். மூன்று மாநிலங்களிலுமாக 320 பாறுகள் பதிவாயின. அதே ஆண்டு பிப்ரவரியில் நடந்த முதல் கூட்டுக் கணக்கெடுப்பில் கிடைத்தது 246. பத்து மாதத்தில் பாறுகள் பெருகிவிட்டன என்று இதை வைத்து மகிழ நான் தயங்குகிறேன். ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை அத்தனை விரைவில் பெருகாது. எண்ணும் நம் கண்கள் பழகிவிட்டன என்பதே என் கணிப்பு, அதுவும் சிறிய செய்தியன்று.

பாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்க வல்லது. காலையில் மோயாற்றங்கரை நீர்மருத மரத்தில் சிறகு உலர்த்திய பறவை, வெயில் ஏறியதும் காற்றோட்டத்தில் எழும்பி, பந்திப்பூரில் புலி தின்று மிச்சம் வைத்த மானின்மேல் இறங்கிவிடும். அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு நமக்கு இரு மாநிலங்களின் எல்லை. பறவைக்கோ அது கூடு கட்டும் இடமும் இரைக்களமும்தான். ஒவ்வொரு மாநிலமும் தனக்கு வசதியான நாளில் தனியே எண்ணினால் ஒரே பறவை இரண்டு பதிவேடுகளில் ஏறும். அல்லது எதிலுமே ஏறாமல் போகும். ஒரே நாளில், ஒரே நேரத்தில் எண்ணி, பறவை வந்த நேரத்தையும் போன திசையையும் குறித்து, பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க மூன்று துறைகளும் இசைந்ததால்தான் இந்த எண்ணுக்கு மதிப்பு வந்தது. "எங்கள் காட்டில் இத்தனை" என்று சொல்லிக்கொள்ளும் பெருமையைச் சற்றே விட்டுக்கொடுத்த அதிகாரிகளுக்கு முதல் நன்றி.

எங்களோடு இருந்த இருளர், குறும்பர் சமூகத்து வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு நான் பட்ட கடன் தனி. உயரத்தில் பறந்த ஒன்றை நான் வெண்முதுகுப் பாறு என்று எழுதப் போனபோது, இருநோக்கி (பைனாகுலர்) இல்லாமலேயே ஒருவர் தடுத்தார். தொடையருகே வெள்ளைத் திட்டு தெரிகிறது பாருங்கள், அது செந்தலைப் பாறு என்றார். பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. யானை வரும் வழியறிந்து எங்களை விடியுமுன் மேட்டில் ஏற்றி, இருட்டுமுன் இறக்கியவர்களும் அவர்களே. கணக்கெடுப்பு அறிக்கைகளில் இவர்கள் "உதவியாளர்" என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

மாடு மேய்க்கும் குடும்பங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. புலியோ சிறுத்தையோ பட்டி மாட்டை அடித்துவிட்டால், கோபத்தில் அந்த இறந்த மாட்டின்மேல் பூச்சிமருந்தைத் தெளித்துவிடுவது பல இடங்களில் நடந்ததுண்டு. குறி வைத்த விலங்கு தப்பினாலும் தப்பும். கூட்டமாக வந்து இறங்கும் பாறுகள் தப்புவதில்லை. ஒரே இரையில் ஒரு கூட்டமே மடிந்துபோகக்கூடும். கறவை மாடு ஒன்றை இழப்பது ஒரு வீட்டின் மாத வருமானத்தை இழப்பது. இழப்பீடு வந்து சேரும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரிந்தாக வேண்டும். அந்த நிலையிலும் நஞ்சைத் தொடாமல் வனத்துறைக்குச் செய்தி சொல்லி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். தங்களுக்கு நேரடியாகப் பயன் தராத ஒரு பறவைக்காக அவர்கள் கைப்பொருளை இழந்தார்கள். நாங்கள் இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணியதை இதோடு ஒப்பிடவே கூசுகிறது. இழப்பீடு விரைந்து கிடைப்பதும் பாறு பாதுகாப்பின் ஒரு பகுதிதான் என்பதை மூன்று மாநில அரசுகளிடமும் இம்மடல் வழியாக வேண்டிக்கொள்கிறேன்.

கால்நடை மருத்துவர்களுக்கும் எல்லையோர ஊர்களின் மருந்துக் கடைக்காரர்களுக்கும் அடுத்த நன்றி. மாட்டுக்கு வலி போக்கப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்து, அந்த மாடு இறந்தபின் அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. 1990களில் தொடங்கிய அந்தச் சரிவில், இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மறைந்தன. கால்நடைகளுக்கு அம்மருந்து 2006இல் தடைசெய்யப்பட்டது. மனிதர்க்கான பெரிய புட்டிகளை மாட்டுக்கு ஏற்றும் வழக்கத்தை நிறுத்த, 2015இல் ஊசிமருந்து 3 மில்லி லிட்டர் அளவுக்குச் சுருக்கப்பட்டது. 2023இல், பாறுகளுக்கு அதேபோல் கேடு செய்யும் வலிநீக்கிகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டன. ஒரு மாநிலத்துக் கடையில் வாங்கிய ஊசி அடுத்த மாநிலத்துப் பறவையைக் கொல்லும் என்பதால், மூன்று பக்கமும் ஒருசேர, பாறுகளுக்குத் தீங்கு செய்யாத வலிநீக்கியான மெலாக்சிகாமுக்கு மாறினால்தான் பயனுண்டு. அதை வாடிக்கையாளரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்ன கடைக்காரர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

வயநாட்டு நண்பர்களே, கேரளத்தில் இன்று பாறு கூடு கட்டும் ஒரே இடம் உங்களுடையது. அங்கே பாறுகள் கூடு கட்டும் மரங்களை அமைதியாகக் காத்துவரும் உங்களுக்கும், கர்நாடகத்தின் பந்திப்பூர், நாகரஹொளெ, பிலிகிரி ரங்கநாதர் மலைக் குழுவினருக்கும் அன்பும் நன்றியும்.

கடைசியாக ஒன்று. முதல் நாள் விடிகாலைப் பனியில் நான் நடுங்குவதைக் கண்டு, பட்டியிலிருந்து ஒரு பெரியவர் தம் கம்பளியைக் கொண்டுவந்து தந்தார். திரும்பும் அவசரத்தில் அதைக் கொடுக்க மறந்து ஊருக்கே எடுத்து வந்துவிட்டேன். ஐயா, வெளுத்து மடித்து வைத்திருக்கிறேன். அடுத்த கணக்கெடுப்புக்கு வரும்போது கையோடு கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
சீகூர்க் குழுவின் தன்னார்வலன்