முதுகில் ஊசி போட்ட பிறகுதான் தெரிந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்ட என் மைத்துனருக்கு மூன்று வாரமாகத் தலைவலி. பெரிதாகக் காய்ச்சல்கூட இல்லை. ஒரு மருத்துவமனையில் சைனஸ் என்றார்கள், சி.டி. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. சரி என்று வீட்டுக்கு வந்துவிட்டோம். பார்வை இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்ததும் வேறொரு டாக்டர் முதுகுத்தண்டு நீர் எடுக்க வேண்டும் என்றார். ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று அக்கா அழுதார். ஒருவழியாகச் சம்மதித்து எடுத்ததில், மூளை உறையில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைத் தொற்று.

நான் 30 வருடம் ஆய்வகத்தில் இருந்தவன். முதுகுத்தண்டு நீரில் இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையைக் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கறுப்பு நடுவே வெள்ளை வளையம் கட்டியது போல் இந்தப் பூஞ்சை தெரியும். எத்தனையோ ஸ்லைடில் பார்த்திருக்கிறேன். சொந்த வீட்டில் எனக்கே தோன்றவில்லை.

இப்போது இந்தப் பூஞ்சையின் கூறு (ஆன்டிஜென்) ரத்தத்தில் இருக்கிறதா என்று காட்டும் பட்டைச் சோதனை இருக்கிறது. ஒரு சொட்டு ரத்தம், பத்து நிமிடம், அவ்வளவுதான். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு சிடி4 என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களின் எண்ணிக்கை 100-க்குக் கீழே போனால், எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உறுப்பு மாற்று செய்தவர்களுக்கும் மருந்துகளால் எதிர்ப்பு சக்தி குறைவுதான்; அவர்கள் தலைவலி என்று வந்து நிற்கும் இடங்களிலும் இந்தப் பட்டையை வாங்கி வைக்கக் கூடாதா?

– ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர், திருநெல்வேலி