மேல விளையிலிருந்து

மக்களே,

நல்லா இருக்கிறாயா? நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான். மழை விட்டதும் மேல விளையில் ரப்பர் வெட்டு தொடங்கியாச்சு. ஷீட் விலையை அப்புறம் எழுதுகிறேன்.

ஓணத்துக்கு வந்தபோது நீ சரியாகப் பேசவில்லை. போன் அடிக்கும், கட் பண்ணுவாய். களைப்பு என்றாள் அம்மா. இருபது பேருக்கு வேலை கொடுக்கிற பிள்ளைக்குக் களைப்பு இருக்கும்தான். எர்ணாகுளத்தில் நீ கட்டின வீட்டுப் படத்தைக் களியக்காவிளையில் நான் காட்டாத ஆள் இல்லை.

ஆட்களுக்குச் சனிக்கிழமை தவறாமல் கணக்குத் தீர்த்துவிடு. வீடு கட்டச் சொன்னவர் பணம் தரவில்லை என்றால் அது உனக்கும் அவருக்கும் உள்ள காரியம். வேதாகமத்தில், உபாகமத்தில் "பொழுதுபோகுமுன்னே" கொடு என்றுதானே இருக்கிறது. கூலிக்காரன் ஏழை, அதையே நம்பி இருக்கிறான் என்று காரணமும் அங்கேயே இருக்கிறது. சனிக்கிழமையை மறக்காதே.

சரி, சொல்லிவிடுகிறேன். நீ குளிக்கப் போயிருந்தபோது அந்தப் போனை நான்தான் எடுத்தேன். வடக்கேயுள்ள ஒரு பையன். பாதி இந்தி, பாதி மலையாளம். "அஞ்சு ஆழ்ச", அஞ்சு வாரம், என்றது மட்டும் புரிந்தது. பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

நம்ம முப்பாட்டன்மார் காலத்தில் ஊழியம் என்றால் கூலியில்லாமல் சர்க்காருக்குச் சுமக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒருநாளாவது கிறிஸ்தவர்களுக்கு விலக்கு கிடைத்தது, இங்கே ரெசிடெண்டாக இருந்த வெள்ளைக்காரர் கர்னல் மன்றோ காலத்தில்தான். திருவிதாங்கூரில் அடிமைத்தனம் ஒழிந்தது 1855-இல். அந்த முதுகுகளிலிருந்து வந்தவன் நீ. உனக்கு எப்படி மனம் வந்தது?

இதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, மக்களே. நீ எட்டாம் வகுப்பு படித்தபோது அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு ஏத்தன் வாழைக்குலையை மூவாயிரத்து இருநூறுக்கு எடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? சபையே கைதட்டியது. அன்றைக்கு வெட்டு மாமனுக்கு மூன்று வாரக் கூலி பாக்கி. அந்தக் குலையை வீட்டுக்குச் சுமந்து வந்ததே அவர்தான். திண்ணையில் இறக்கிவைத்துவிட்டு, ரப்பர்ப் பால் காய்ந்து கறுத்துப்போன விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். பேத்திக்குக் காய்ச்சல் என்றார். நாளைக்கு வாரும் என்றேன். நீ கதவுப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு இரண்டு தவணையாகக் கொடுத்தேன். அவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

பவுல் கொலோசெயருக்கு எழுதினதில் வேலைக்காரருக்கு நாலு வசனம், எஜமான்களுக்கு ஒரே ஒரு வசனம். அந்த நாலையும் வெட்டு மாமனிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். பரலோகத்தில் எனக்கும் ஒரு எஜமான் இருக்கிறார் என்கிற அந்த ஒன்றை எனக்கென்று வாசித்ததே இல்லை. நீ வேறு யாரிடம் படித்திருப்பாய்?

கையில் முடை என்றால் மறைக்காதே. புகைப்புரையில் இருக்கிற ஷீட்டை விற்று அனுப்புகிறேன். அந்தப் பையனை நீயே கூப்பிட்டுப் பேசு. அவன் பேர் என்ன என்று எனக்கு எழுது.

அப்பா