எமது பெற்றோர் சங்கத்தின் செயலாளர் ஆண்டறிக்கை, மட்டக்களப்பு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர் அவர்களே, அங்கத்தவர்களான தாய்மாரே, தகப்பன்மாரே, வருகை தந்திருக்கும் ஆசிரியர்களே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். நிருவாக சபை மாதாமாதம் கூடியது. மாரியில் படுவான்கரைப் பாதைகளில் வெள்ளம் நின்றபோது மட்டும் கூட முடியவில்லை. சந்தா நிலுவை பற்றி நான் பேசப்போவதில்லை, நிலுவை வைத்திருப்பவர்களுக்கே அது தெரியும்.

இந்த வருடம் எங்கள் நேரத்தைக் கூடுதலாக எடுத்துக்கொண்டது ஒரே ஒரு விடயம். விசேட தேவையுள்ள எங்கள் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியில் தொழில்வழிச் சிகிச்சையாளர், அதாவது எழுதுவது, உடுப்பது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர், சொல்லித்தருவது பள்ளிக்கூடத்துக்குள் போய்ச் சேருவதில்லை. சிகிச்சையாளர் சுகாதாரப் பகுதியில் வேலை செய்பவர், ஆசிரியை கல்விப் பகுதியில். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காண்பதேயில்லை. நடுவில் நின்று இங்கே கேட்டதை அங்கே சொல்பவள் தாய்தான். கிளினிக்கில் கிடைப்பது கொஞ்ச நேரம். பிள்ளை கதிரையில் குந்தியிருந்து எழுதுவதோ கிழமையில் ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் மாறாவிட்டால் கிளினிக்குக்குப் போய்வந்த பஸ் காசுதான் மிச்சம்.

இதற்காக ஒரு சனிக்கிழமை சிகிச்சையாளர் ஒருவரை அழைத்து, பெற்றோரையும் விசேட கல்வி அலகு ஆசிரியைகளையும் ஒன்றாக இருத்தினோம். அவர் உபகரணம் எதுவும் கொண்டுவரவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்த தரம் 1 பிள்ளை ஒன்றைப் பெரிய கதிரையில் இருத்தி, காலைப் பார்க்கச் சொன்னார். கால் நிலத்தில் படாமல் தொங்கியது. கால் தொங்கினால் இடுப்பு நிலைக்காது. இடுப்பு நிலைக்காவிட்டால் விழாமலிருக்க ஒரு கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கொப்பியைப் பிடிக்கக் கையில்லை. கொப்பி நழுவும், எழுத்து கோணும், ஆசிரியை கத்துவார். இவ்வளவும் நடந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு நாங்கள் வைக்கிற பெயர் ‘சோம்பேறி’.

பாதம் முழுதாகப் பதிய வேண்டும், முழங்காலும் இடுப்பும் ஏறக்குறைய செங்கோணத்தில் மடிய வேண்டும், மேசை முழங்கை மட்டத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும் என்றார். தச்சு வேலை செய்கிற காத்தான்குடி வாப்பா ஒருவர் அங்கேயே நாடா பிடித்து அளவெடுத்தார். மிஞ்சிய பலகைத் துண்டுகளில் கால் வைக்கும் பெட்டிகளும், கொப்பி வைத்து எழுதும் சாய்பலகைகளும் செய்து தந்தார். காசு வாங்கவில்லை. சங்கம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

பென்சில் பிடிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பிடியைத் தடிப்பாக்கலாம். நீளமான கிரேயோனை உடைத்துச் சிறு துண்டாகக் கொடுத்தால் விரல் நுனிகளால் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை, கை தானாகப் பழகும். ரொட்டிக்கு மா பிசைய விடுவதும், உடுப்புக்கு கிளிப் போட விடுவதும் விரலுக்குப் பலம் தரும் வேலைகள்தாம். எழுத்தில் ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளை முதலில் பழக்கி, சுழியுள்ள அ, இ என்பவற்றைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளையைத் தண்டிக்காமல் கொப்பிக் கட்டைத் தூக்கிவரவும் கரும்பலகை துடைக்கவும் விடும் ஆசிரியை ஒருவர் எங்களிடையே இருக்கிறார். உடம்பு வேலை செய்தபின் அவன் இருந்து கேட்கிறான் என்று அவரே சொன்னார்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. ஒரு பாடசாலையில் கால் பெட்டியை வகுப்பின் ஒழுங்கு கெடுகிறதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லாப் பிள்ளையும் ஒன்று என்பது கேட்க நல்லாயிருக்கிறது, எல்லாக் காலும் ஒரே நீளமில்லையே! 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுப்பதைத் தடுக்கிறது. ஆனால் சேர்த்த பிறகு பிள்ளை எப்படி இருந்து படிப்பது என்பதை அந்த வகுப்பறையில்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது. பரீட்சைத் திணைக்களத்திடம் மேலதிக நேரம் கேட்பவர்கள் வைத்திய அறிக்கையை வைத்துக்கொண்டு கடைசி நேரம்வரை காத்திருக்க வேண்டாம், அதிபர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். பாரம் வைத்துத் தைத்த அங்கி போன்றவற்றைப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். அதனால் கவனம் கூடும் என்பது ஆய்வுகளில் உறுதியாகவில்லை. நகை அடகு வைத்து அதை வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நிருவாக சபையில் இதை ஏற்காதவர்களும் உண்டு.

வீட்டில் பக்கவாதம் வந்த முதியோரைப் பார்ப்பவர்களுக்காகவும் ஒரு பிற்பகல் ஒதுக்கினோம். சேட்டுப் போடும்போது பலமில்லாத கையை முதலில் நுழைப்பது, கழற்றும்போது அதைக் கடைசியில் எடுப்பது, அந்தக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பாமலிருப்பது ஆகியவற்றைச் செய்துகாட்டினார்கள். இழுத்தால் தோள் மூட்டு விலகக்கூடும். மருதமுனையிலிருந்து வந்த ஒருவர், தன் தகப்பனார் மீண்டும் தறியில் இருப்பாரா என்றுதான் கேட்டார். எந்த அசைவு இல்லாமல் தறி ஓடாது, எதை மற்றக் கையால் சமாளிக்கலாம் என்று அந்த வேலையையே துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். அன்றைக்கு நடந்ததில் எனக்கு அதுவே பிடித்தது.

வரும் வருடத்துக்கு ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். கிளினிக்குக்கும் வகுப்புக்கும் இடையில் போய்வர ஒரே பக்கத் தாள் ஒன்று வேண்டும். மேல் பாதியில் சிகிச்சையாளர் எழுதுவார், கீழ்ப் பாதியில் ஆசிரியை எழுதுவார், இருவரும் ஒப்பமிடுவார்கள். இதை ஏற்கும்படி வலயக் கல்வி அலுவலகத்துக்கும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கும் கடிதம் அனுப்ப சபையின் அனுமதி தேவை. மாதிரித் தாள்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. மண்முனைப் பாலம் கடந்து போகிறவர்கள் பஸ்ஸுக்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள், திருத்தம் இருந்தால் அதிலேயே எழுதித் தாருங்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையை வேண்டுகிறேன்.

செயலாளர்