எடைக்குப் போடுவதற்கு முன்னால்: பழைய தியேட்டர் குடும்பத்தாருக்கு ஒரு திறந்த மடல்

தியேட்டர் குடும்பத்தாருக்கு வணக்கம்.

முதலாளியின் பேரனோ பேத்தியோ, ஆபரேட்டரின் மகளோ, நாற்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவரின் தம்பியோ, நீங்கள் யாராக இருந்தாலும் இது உங்களுக்குத்தான். தியேட்டரை இடித்தீர்கள், கல்யாண மண்டபம் ஆக்கினீர்கள், விற்றீர்கள், அதைப் பற்றிக் கேட்க எனக்கு வாயில்லை. ஆள் வராத கொட்டகைக்குக் கரண்ட் பில் கட்டியது நீங்கள், நானில்லை. நான் கேட்பதெல்லாம் மாடியிலும் பரணிலும் மூட்டை கட்டிப் போட்டிருக்கிறீர்களே, அந்தக் காகிதங்களைத்தான். அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், போன வருடம் மதுரைக்குத் தெற்கே ஒரு சின்ன ஊருக்குப் போனேன். ஊர் பேர் வேண்டாம். அங்கே இருந்த தியேட்டரைப் பற்றி ஆறு மாதமாக விசாரித்து, யார் யாரையோ பிடித்து, கடைசியில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினால், அந்த அம்மா காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டு, "போன வாரம்தான் தம்பி மூணு மூட்டையைப் போட்டோம், கிலோ 12 ரூபாய்" என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு, அது என்ன காகிதம் என்று யாருமே அவர்களுக்குச் சொல்லவில்லையே. சரி, இப்போது நான் சொல்லிவிடுகிறேன்.

நானும் இன்னும் சிலரும் ஊர் ஊராகப் பழைய தியேட்டர்கள் எங்கே இருந்தன, எப்போது திறந்தார்கள், எப்போது மூடினார்கள் என்று தேடி எழுதி வைத்துக்கொண்டிருக்கிறோம். சம்பளம் இல்லாத வேலை, வீட்டில் திட்டு மட்டும் கிடைக்கும். இதில் பெரிய தொல்லை என்னவென்றால், எல்லோருக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஆனால் ஆளுக்கொரு மாதிரி. "எம்.ஜி.ஆர் படம் போட்டுத் திறந்தாங்க" என்பார் ஒரு பெரியவர். அந்தப் படம் வந்த வருடம்தான் தியேட்டர் திறந்த வருடம் என்று எழுதிக்கொண்டால் போச்சு. மதுரை, திருச்சி மாதிரி ரிலீஸ் சென்டரில் ஓடி முடிந்து, பிறகு பி சென்டர், சி சென்டர் என்று சின்னச் சின்ன ஊர்களுக்கு இறங்கி அந்தப் படப்பெட்டி அவர் ஊருக்கு வந்து சேர ஒரு வருடமும் ஆகும், மூன்று வருடமும் ஆகும். அவர் ஞாபகம் பொய்யில்லை, நாம் போட்ட கணக்குதான் தப்பு.

பெயரும் இப்படித்தான் காலை வாரும். சென்னை தங்கசாலைத் தெருவில் கினிமா சென்ட்ரல் என்று ஒன்று இருந்தது. 1931 அக்டோபர் 31 அன்று முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் வெளியானது அங்கேதான். பின்னாளில் அது முருகன் டாக்கீஸ் ஆகிவிட்டது. இந்த இரண்டு பெயரும் ஒரே கட்டடம் என்று தெரியாதவர் பட்டியலில் இரண்டு தியேட்டர் எழுதிவிடுவார். இன்னொரு பக்கம், சென்ட்ரல் என்றும் ராஜா என்றும் ஊருக்கு ஊர் தியேட்டர். எந்த சென்ட்ரல், எந்த ராஜா என்று பிரிப்பதற்குள் மண்டை காய்ந்துவிடும்.

மதுரைக்காரர்களுக்குத் தங்கம் தியேட்டரைச் சொல்ல வேண்டியதில்லை. 1952 தீபாவளிக்குப் பராசக்தியோடு திறந்தது, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். 2,563 இருக்கை என்று எண்ணையும் சேர்த்துச் சொல்வார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் ஜவுளிக்கடை. அந்த எண்ணை டீக்கடையில் யாராவது சந்தேகப்பட்டால் சண்டைதான் வரும், ஆனால் சண்டையே வேண்டாம், காகிதம் இருந்தால் போதும். தியேட்டர் நடத்த அரசு கொடுத்த சி படிவ லைசென்ஸும், அதோடு சேர்ந்த கட்டட வரைபடமும்.

உங்கள் வீட்டு மூட்டையில் முதலில் தேட வேண்டியதும் அந்த லைசென்ஸைத்தான். சினிமாக் கொட்டகைக்கு லைசென்ஸ் என்பது 1918 சட்டத்திலேயே வந்துவிட்டது. அப்புறம் 1955-இல் நம் மாநிலத்துக்கென்று தனிச் சட்டம். சென்னையில் போலீஸ் கமிஷனர், மற்ற ஊர்களில் கலெக்டர் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதத்தில் லைசென்ஸ் யார் பேரில், கொட்டகை எந்த இடத்தில், எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் இருக்கும். கூடவே கட்டட வரைபடம் இருந்தால் எத்தனை இருக்கை, கதவு எந்தப் பக்கம், ஆபரேட்டர் ரூம் எங்கே என்பது வரை தெரிந்துவிடும். பத்து வருட லைசென்ஸை வரிசையாக அடுக்கினால் பெயர் மாறியது, கை மாறியது, டூரிங் டாக்கீஸாக இருந்தது நிரந்தரக் கட்டடமானது எல்லாம் தானாக வெளியே வரும்.

அடுத்தது டி.சி.ஆர், அதாவது டெய்லி கலெக்‌ஷன் ரிப்போர்ட். உங்களில் பாதிப் பேர் இதை வெறும் வரவு செலவு நோட்டு என்று நினைத்துத்தான் தூக்கிப் போடுகிறீர்கள். அன்றன்றைய வசூல் கணக்கு அது. தேதி, படத்தின் பெயர், தரை டிக்கெட், பெஞ்சு, சேர் என்று ஒவ்வொரு வகுப்பிலும் எந்த நம்பரிலிருந்து எந்த நம்பர் வரை டிக்கெட் போனது, வரி எவ்வளவு, விநியோகஸ்தர் பங்கு எவ்வளவு, எல்லாம் அதில் உண்டு. கேளிக்கை வரிக்கு 1939-லேயே சட்டம் வந்துவிட்டதால் கணக்கு எழுதாமல் தியேட்டர் நடத்தியிருக்க முடியாது, விநியோகஸ்தரின் ஆளாகப் படப்பெட்டியோடு வந்து உட்கார்ந்த ரெப்பும் சும்மா விட்டிருக்கமாட்டார். அடைமழை நாளில் இரண்டாம் ஆட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், அறுவடை முடிந்ததும் தரை டிக்கெட் எப்படி எகிறியது, பொங்கலுக்கு எத்தனை ஆட்டம் ஓட்டினார்கள் என்று ஒரு ஊரின் கையிருப்பையே அந்த நோட்டில் படிக்கலாம். வேறு எந்த ஆபீஸிலும் இந்தக் கணக்கு கிடைக்காது என்று அடித்துச் சொல்வேன்.

மற்றவை கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: நோட்டீஸ், டிக்கெட் கட்டு, சைக்கிள் ஸ்டாண்ட் டோக்கன், ஆபரேட்டர் லைசென்ஸ், ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டருக்கு மாற்றி மாற்றி ஓட்டிய நேரச் சீட்டு. நூறாவது நாள் கேடயத்தைக் காய்லான் கடையில் போடாதீர்கள், படம், தியேட்டர், தேதி மூன்றும் அதில் பொறித்தே இருக்கும்.

தியேட்டர் போனாலும் பெயர் போகாது என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். உண்மைதான், ஓரளவுக்கு. கோயம்புத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கட்டிய வெரைட்டி ஹால் பின்னால் டிலைட் என்று பெயர் மாறியது, ஆனால் வெரைட்டி ஹால் ரோடு அப்படியே இருக்கிறது, அந்தப் பெயரில் போலீஸ் ஸ்டேஷன்கூட உண்டு. திருச்சியில் ரயில்வே வேலையிலிருந்த அந்த வின்சென்ட், 1905-இல் டுபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டியவர். சென்னை அண்ணா சாலையில் வார்விக் மேஜர் 1913-இல் நடத்திய எலெக்ட்ரிக் தியேட்டர் ரொம்ப நாள் நிலைக்கவில்லை, ஆனால் இடத்தைத் தபால் துறை வாங்கியதால் கட்டடம் தப்பித்தது. இன்றும் தபால் தலை வாங்கப் போகிறவர்கள் அதற்குள்தான் நுழைகிறார்கள். மதுரையில் விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் அந்தக் காலத்தில் பகலில் வாசகசாலை, சாயங்காலமானால் அதே கட்டடம் ரீகல் தியேட்டராகி இங்கிலீஷ் படம் ஓடும். இவையெல்லாம் பெரிய ஊர், பெரிய இடம். உங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு யார் ரோடு பெயர் வைத்தார்கள்? கூரையும் மணலும் போனால் அது காலி மனைதான். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க உங்கள் மூட்டையில் இருக்கும் சர்வே நம்பரை விட்டால் வேறு வழி கிடையாது.

ஒரு பயம் உங்களுக்கு இருக்கலாம், பழைய கணக்கைக் காட்டினால் வரி, பங்காளித் தகராறு என்று ஏதாவது கிளம்புமோ என்று. நியாயமான பயம்தான். அதனால் காகிதத்தை யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டோம். உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து போன் கேமராவில் படம் எடுத்துக்கொண்டு, அப்படியே கட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவோம். எந்தப் பக்கத்தை வெளியே காட்டக்கூடாது என்கிறீர்களோ அதைக் காட்ட மாட்டோம். நிரந்தரமாக எங்காவது கொடுக்கத்தான் நினைக்கிறீர்கள் என்றால், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி இடங்கள் இருக்கின்றன, பழைய சினிமா நோட்டீஸும் பாட்டுப் புத்தகமும் அங்கே மரியாதையாக இருக்கின்றன.

கடைசியாக ஒன்று, அந்த மூன்று மூட்டை வீட்டு அம்மாவுக்கு. உங்கள் குடோன் சுவரில், பழைய கவுண்டர் பொந்துக்கு மேலே, சுண்ணாம்புக்கு அடியில் சிவப்பு எழுத்தில் டிக்கெட் விலை இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அன்றைக்கு வெளிச்சம் போய்விட்டதால் எனக்குப் படிக்க முடியவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்கு முன்னால், காலை வெயில் அந்தச் சுவரில் விழும் நேரத்தில் பேரனை விட்டு ஒரு போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள் அம்மா.