சளி மாத்திரை போட்டுவிட்டு வண்டி எடுக்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

18 ஆண்டுகளாக வேன் ஓட்டுகிறேன். தூக்கம் வந்தால் யோசிக்காமல் வண்டியை ஓரங்கட்டிவிடுவேன். ஆனால் போன மாதம் தூக்கம் வராமலேயே விபத்தில் சிக்கப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு நாளாக ஓயாத தும்மல். வீட்டில் கிடந்த அரை அட்டையிலிருந்து இரவு படுக்கும்போது ஒரு மாத்திரை, காலையில் கிளம்பும்போது இன்னொன்று போட்டுக்கொண்டேன். முக்கால் மணி நேரம் போயிருக்கும். முன்னால் போன லாரியின் பிரேக் விளக்கு எரிந்தது. எரிவது தெரிகிறது, மிதிக்க வேண்டும் என்பதும் தெரிகிறது, கால் மட்டும் எழவில்லை. கொட்டாவி இல்லை, கண்ணும் சொக்கவில்லை. பக்கத்தில் இருந்த பையன் "அண்ணே!" என்று கத்தியதும்தான் மிதித்தேன். லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பெயரும் எச்சரிக்கையும் அச்சிட்ட பக்கத்தை யாரோ முன்பே வெட்டியெடுத்திருக்கிறார்கள். அந்தத் துண்டைத் தேடிப் பிடித்தேன். பாராசிட்டமால், பினைலெப்ரின், குளோர்பெனிரமின் என்று மூன்று மருந்து. தும்மலை அடக்குவது மூன்றாவது. ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுத்துத்தான் அது தும்மலை நிறுத்துகிறது. மூளையை விழிப்பாக வைத்திருப்பதிலும் அதே ஹிஸ்டமினுக்குப் பங்கு உண்டாம். இந்த மருந்து மூளைக்குள்ளும் போய் அங்கேயும் தடுத்துவிடுகிறது. உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே பலருக்கு 20 மணி நேரம் வரை ஆகலாம். அப்படியென்றால் இரவு போட்டது இறங்குவதற்குள் காலையில் போட்டதும் சேர்ந்துகொண்டது.

சில இருமல் மருந்துகளும் இப்படித்தான். தும்மலுக்கே தரும் வேறு மாத்திரைகளில் செட்டிரிசின் பரவாயில்லை என்பார்கள், அதுவும் சிலரை மந்தமாக்கும். பெக்சோபெனடின் போன்றவற்றில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. சரி, எது நமக்கு ஏற்றது என்று மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். நாம் வண்டி ஓட்டுகிறவர் என்பதையும் அவரிடம் நாமே சொல்லிவிட வேண்டும்.

மருந்து விற்பவர்களும் "வண்டி ஓட்டுவீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். அட்டையை வெட்டித்தான் கொடுக்க வேண்டுமென்றால் பெயரும் எச்சரிக்கையும் உள்ள பக்கத்தை வாங்குபவரிடம் விட்டுவிடுங்கள். உங்கள் மருத்துவப் பக்கத்தில் இந்த மருந்துப் பெயர்களைப் பெரிய எழுத்தில் ஒருமுறை போட்டால் என் போன்ற ஓட்டுநர்கள் வெட்டியெடுத்து வண்டியில் ஒட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு வேன் ஓட்டுநர்